காலை எட்டு மணிக் கணக்கு

மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்பட்டு ஜனவரி 28-ஆம் தேதி மூடப்படும். காவிரி டெல்டாவில் பாசன வேலை பார்க்கும் லஸ்கருக்கும் பிரிவுப் பொறியாளருக்கும் வருடம் என்பது இந்த இரண்டு தேதிகளுக்கு இடைப்பட்டதுதான். மிச்சமிருக்கும் நாலரை மாதம் வாய்க்கால் தூர்வாரவும், ஷட்டருக்கு கிரீஸ் போடவும், கணக்கு எழுதவும் போய்விடும். இந்தத் தேதிகளை ஆறு வைக்கவில்லை, அணை வைத்தது. அணையால் ஆற்றுக்கும் ஆற்றை நம்பியவர்களுக்கும் நேர்ந்தவற்றைச் சொல்ல இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

மேட்டூருக்கு முன்னும் காவிரியில் அணைகள் இருந்தன. கல்லணை சோழர் காலத்தது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் உள்ள மேலணையை 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டினார். ஆனால் இவை தண்ணீரைத் திருப்பிவிடும் அணைகள். வந்த நீரை எந்தக் கிளைக்கு எவ்வளவு அனுப்புவது என்பதோடு இவற்றின் வேலை முடிந்தது. ஆடியில் வந்த வெள்ளம் ஆடியிலேயே போயிற்று. 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த மேட்டூர் அணைதான் காவிரியின் தமிழ்நாட்டுப் பகுதியில் வெள்ளத்தைப் பிடித்து நிறுத்தி, வேறொரு மாதத்தில் விட்டது. 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளத்தின் நினைவு அப்போது எல்லோருக்கும் பச்சையாக இருந்தது. அணை வேண்டாமென்று டெல்டாவில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி, முழு நீர்மட்டம் 120 அடி. நிரம்பினால் தண்ணீர் 153 சதுர கிலோமீட்டருக்குப் பரவும். இந்த எண்களைத் தினமும் கையாள்பவர்களுக்கு வேறு சில எண்களும் மனப்பாடம். வினாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் அது ஒரு டிஎம்சி. அணை, வாய் அகன்று அடி குறுகிய கிண்ணம் போன்றது. அதனால் மேல் இருபது அடியில் மட்டுமே 28 டிஎம்சிக்கு மேல் நிற்கும். 120-இலிருந்து ஓரடி குறைவதும் 60-இலிருந்து ஓரடி குறைவதும் செய்தித்தாளில் ஒன்றுபோலத் தெரியும், வயலில் ஒன்றல்ல. நிரம்பிய நீர்ப்பரப்பில் ஒரு நாளைக்கு அரை சென்டிமீட்டர் ஆவியானாலே வினாடிக்கு முந்நூறு கனஅடி வானத்துக்குப் போகிறது என்று பொருள். ஒரு சிற்றாறு ஓடும் அளவு அது. தேக்கி வைப்பதற்கு ஆறு கொடுக்கும் முதல் விலை இந்த ஆவி.

அணையினால் பாசனம் பெருகியது என்பதில் ஐயமில்லை. கல்லணைக் கால்வாயும் வடவாற்று நீட்டிப்பும் மேட்டூர்த் திட்டத்தோடு சேர்ந்து வந்தவை. ஏறத்தாழ மூன்று லட்சம் ஏக்கர் புதிதாக நஞ்சையானது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மேட்டு நிலங்கள் காவிரித் தண்ணீரைப் பார்த்தது இதன் பிறகுதான். 1937-இலிருந்து அணை மின்சாரமும் தந்தது. இந்த நன்மைகளுக்கான கணக்கு ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறது. எழுதப்படாத கணக்கு வேறு.

அதில் முதலாவது காலம். அணைக்கு முன் குடகில் தென்மேற்குப் பருவம் இறங்கியதும் காவிரி தானாகப் பெருகும். ஆடிப் பதினெட்டு அந்தப் பெருக்கின் நாள். இப்போது ஆடிப் பதினெட்டுக்குப் படித்துறையில் தண்ணீர் நிற்க வேண்டுமானால் மேட்டூரில் யாராவது உத்தரவு போட வேண்டும். அணையில் நீர் குறைந்த ஆண்டுகளில் பண்டிகைக்கென்றே தனியாகத் திறந்து விட்டதுண்டு. ஆறு பெருகியதற்கு நன்றி சொல்லும் விழா, அரசு திறந்துவிட்டதற்கு நன்றி சொல்லும் விழாவாக மாறிவிட்டது என்று படித்துறையில் நின்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார்கள். வேடிக்கையில் பாதி உண்மை.

ஜூன் 12 என்பதும் உறுதியான நாளில்லை. 2011-க்குப் பிறகு எட்டு ஆண்டுகள் உரிய நாளில் திறக்க முடியாமல் 2020-இல்தான் முடிந்தது. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. குறுவைக்கு நாற்று விடுவதா வேண்டாமா, கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்குவதா வேண்டாமா, தாளடி கிடைக்குமா என்பதெல்லாம் அந்த ஒரு தேதியில் தொங்குகின்றன. முன்பு வானத்தைப் பார்த்த உழவர் இப்போது செய்தித்தாளின் ஓர் ஓரத்தைப் பார்க்கிறார். “காலை 8 மணி நிலவரப்படி” என்று தொடங்கும் நாலு வரிச் செய்தி அங்கேதான் வரும்.

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாள், சில ஆண்டுகளில் நான்கு நாள் ஆகும். ஆற்று மணல் காய்ந்திருந்தால் முதல் நாள் தண்ணீரைப் படுகையே குடித்துவிடும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்து விடும் அன்று பூவும் விதைநெல்லும் தூவுவார்கள். மதகு ஏறியவுடன் வரும் தண்ணீர் அழகாக இருக்காது. பழுப்பு நுரை, சருகு, தெர்மோகோல் துண்டு, செருப்பு, பாலிதீன் பை எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு, கொஞ்சம் நின்று, பள்ளத்தை நிரப்பி, மீண்டும் நகரும். பின்னால் நாய்கள் ஓடும். தண்ணீரின் நுனியோடு சைக்கிளில் கூடவே போகும் லஸ்கர், ஒவ்வொரு ரெகுலேட்டரிலும் வந்த நேரத்தைக் குறித்துக்கொள்வார். வேதாரண்யம், தலைஞாயிறு போன்ற கடைமடைகளுக்கு அது போய்ச் சேர இன்னும் பத்து நாளுக்கு மேல் பிடிக்கும்.

கடைமடைக்குத் தண்ணீர் கொண்டுசேர்ப்பதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி. நீர் குறைவான ஆண்டுகளில் முறை வைத்து விடுவார்கள்: ஆறு நாள் காவிரிக்கு, ஆறு நாள் வெண்ணாற்றுக்கு என்பதுபோல. முறை மாறும் இரவுகளில் ஷட்டர் அருகே யாராவது ஒருவர் துண்டை விரித்துப் படுத்திருப்பார். “என்னங்க, மேலே அடைச்சிட்டாங்களா?” என்று இருட்டிலிருந்து ஒரு குரல் கேட்கும். “விடியற்காலை மாறுதுங்க” என்று பதில் போகும். கேட்டவர் போகமாட்டார். தலைமடைக்காரர் இரவில் வந்து மதகை ஒரு சாண் கூடுதலாக ஏற்றிவிட்டுப் போனால் கடைமடையில் ஒரு பயிர் போகும் என்பது இருவருக்கும் தெரியும். அணை தண்ணீரைச் சேர்த்து வைத்தது. அதைப் பங்கிடும்போது வரும் சண்டையையும் மாநில எல்லை முதல் வாய்க்கால் மடை வரை சேர்த்தே வைத்தது.

அடுத்த கணக்கு வண்டல். ஆறு என்றால் தண்ணீர் என்று நினைப்பது பழக்கம். ஆறு தண்ணீரோடு மண்ணையும் சுமக்கிறது. வேகமாக ஓடும் நீர் மண்ணைத் தாங்கும், நின்ற நீர் அதைக் கீழே போட்டுவிடும். தேக்கத்தின் வாலில் கனமான மணல் முதலில் படியும். மெல்லிய களி உள்ளே வந்து அடியில் இறங்கும். மேட்டூருக்கு மேலே 42,217 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பு. அந்தப் பரப்பின் காடும் தோட்டமும் உழுத நிலமும் கழுவிக் கொடுக்கும் மண்ணில் பெரும்பகுதி அணைக்குள் தங்கிவிடுகிறது. மதகு வழியே வெளிவரும் நீர் தெளிவானது. கீழே உள்ளவர்கள் அந்தத் தெளிவை நல்லதென்று நினைப்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிழவர்கள் மட்டும் நினைக்க மாட்டார்கள். செந்நிறமாக வரும் புதுத்தண்ணீர் வயலில் ஒரு விரல் கனத்துக்கு வண்டலை விட்டுப் போன கதையை அவர்கள் தங்கள் தகப்பனாரிடம் கேட்டவர்கள். அந்த வண்டல் எருவாகவும் இருந்தது. அது நின்றபின் உர மூட்டையின் பங்கு கூடியது. உர மூட்டைக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், இதுவும் ஒன்று.

வண்டல் எப்போதும் வரம் என்று சொல்வதற்கில்லை. காட்டன் முக்கொம்பில் அணை கட்ட நேர்ந்ததே, அங்கே பிரியும் கிளையான கொள்ளிடம் வெள்ளத்தை இழுத்துக்கொள்ள, காவிரியின் தலைப்பு மண்மேடிட்டுத் தூர்ந்துபோனதால்தான். ஆனால் தூர்ந்த இடத்தை வெட்டிவிடலாம். வராத மண்ணை எங்கிருந்து கொண்டுவருவது?

2017-இல் கடும் வறட்சி. அணையின் பெரும்பகுதி வெளியே தெரிந்தது. அப்போதுதான், அணை கட்டிய 83 ஆண்டுகளில் முதன்முறையாக, உள்ளே படிந்த வண்டலை அள்ளும் வேலை தொடங்கியது. சுற்றுவட்டார விவசாயிகள் அனுமதிச் சீட்டு பெற்று டிராக்டரிலும் லாரியிலும் ஏற்றிச் சென்றார்கள். வெடித்துக் கிடந்த கரிய களி, வெட்டினால் பாளம் பாளமாக வந்தது. காசு கொடுத்து வாங்கினாலும் கிடைக்காத மண். தஞ்சாவூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் ஆறே இலவசமாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டியதை, டீசல் செலவழித்துச் சேலம் மாவட்டத்து வயல்களில் கொட்டினார்கள். அள்ளியவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அள்ளியது படிந்ததில் சிறு பங்குதான். மழை வந்ததும் வேலை நின்றுவிட்டது.

மண்ணை இழந்த நீருக்கு மண் பசி உண்டு. கீழே உள்ள படுகையையும் கரையையும் அரித்து அது தன் சுமையை நிரப்பிக்கொள்ளப் பார்க்கும். காவிரியிலும் கொள்ளிடத்திலும் இதனோடு மணல் கொள்ளையும் சேர்ந்தது. வரவு குறைந்த கணக்கில் செலவை இரட்டித்த கதை. படுகை தாழ்ந்தால் பாலத்தின் தூணுக்கும் அணைக்கட்டின் அடித்தளத்துக்கும் பிடிமானம் குறையும். பக்கத்து வாய்க்காலின் தலைப்பு உயரத்தில் மாட்டிக்கொள்ளும். கிணறுகளின் நீர்மட்டமும் படுகையோடு கீழே போகும். 2018 ஆகஸ்டில், பல ஆண்டு வறட்சிக்குப் பின் மேட்டூர் நிரம்பிப் பெருந்தண்ணீர் விடப்பட்டபோது, முக்கொம்பில் கொள்ளிடத்தின் மேலணையில் ஒன்பது மதகுகள் ஒரே இரவில் அடித்துச் செல்லப்பட்டன. அதே வெள்ளத்தில் திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலமும் இடிந்தது. கட்டுமானத்தின் வயது ஒரு காரணம். ஆற்றுப் படுகையின் நிலை இன்னொன்று.

அந்த வெள்ளம் வேறொன்றையும் காட்டியது. அணை இருப்பதால் வெள்ளம் வராது என்ற நம்பிக்கை ஆற்றங்கரையில் வீடுகளைக் கூட்டுகிறது. பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோரங்களில் ஆற்றின் இடத்திலேயே தெருக்கள் உண்டு. சிறிய வெள்ளங்களை அணை விழுங்கிவிடும். அணை நிரம்பியபின் வருவதை விழுங்க முடியாது, வந்ததை அப்படியே பதினாறு கண் மதகு வழியே விட்டாக வேண்டும். பத்து ஆண்டு காய்ந்த ஆற்றில் ஒரே வாரத்தில் லட்சம் கனஅடி வரும்போது, தண்டோரா போட்டும் ஒலிபெருக்கி வைத்தும் ஆட்களை மேடேற்றுவது வருவாய்த் துறைக்கும் நீர்வளத் துறைக்கும் பழகிப்போன வேலை.

மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று மின்சாரத்துக்காகக் கதவணைகள் வரிசையாக உள்ளன. ஓடிய ஆறு இங்கே படிப்படியாக இறங்கும் குளங்களாகிவிட்டது. நிற்கும் நீரில் ஆகாயத்தாமரை பிடிக்கும்; சாயக் கழிவும் சாக்கடையும் தேங்கும். ஓட்டம்தான் ஆற்றைக் கழுவுவது என்பது இந்தக் கரையில் ஒரு கோடைகாலம் இருந்தவர்களுக்குப் புத்தகம் இல்லாமலே புரியும்.

இனி மீன். உல்லம் என்று ஒரு மீன். வங்காளத்தார் இலிஷ் என்று கொண்டாடுவதும் இதுதான். கடலில் வளர்ந்து, ஆற்றில் புதுவெள்ளம் வந்ததும் நன்னீர் ஏறி முட்டையிடும். காவிரியிலும் கொள்ளிடத்திலும் இது ஏறியது. கொள்ளிடத்தின் கீழணை, அதாவது அணைக்கரை, அதற்கு முதல் சுவர். ஏற முடியாமல் அணையின் அடியில் கூட்டமாக நின்ற மீன்களை அள்ளுவது எளிதாயிருந்தது. சில ஆண்டுகளுக்கு மீன்பிடிப்பு பெருகியது போலவும் தோன்றியிருக்கும். இந்திய மீன்வளம் பற்றி விரிவாக ஆராய்ந்த பிரான்சிஸ் டே 1873-இலேயே, ஆற்றுக் குறுக்கணைகள் மீன் ஏற்றத்தை அடைப்பதைப் பற்றி அரசுக்கு எழுதினார். அணைக்கரையில் மீன் ஏறிச் செல்லப் படிகள் கட்டிப் பார்த்தார்கள். உல்லத்துக்கு அவை பயன்படவில்லை. மேட்டூர் வந்து ஆடி வெள்ளத்தையே நிறுத்தியபின், ஏறச் சொல்லி அழைக்கும் தண்ணீரும் இல்லாமல் போனது. கங்கையில் 1975-இல் ஃபராக்கா தடுப்பணை வந்தபின் அலகாபாத் வரை போன இதே மீன் அங்கும் நின்றுபோயிற்று. இரண்டு ஆறு, ஒரே மீன், ஒரே முடிவு.

அணைக்குள் மீன் இல்லையா என்றால், ஏராளம். கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை மீன்வளத் துறை விடுகிறது. ஜிலேபிக் கெண்டை தானாகவே பெருகியது. பரிசலில் போய் வலை போடும் குடும்பங்கள் பண்ணவாடியிலும் கோட்டையூரிலும் இதனால் பிழைக்கின்றன. ஆனால் கட்லாவும் ரோகுவும் வடநாட்டு ஆற்று மீன்கள். ஓட்டத்துக்கும் பாறை இடுக்குக்கும் பழகிய காவிரியின் சொந்த மீன்கள் குளத்து வாழ்க்கைக்கு வரவில்லை. காவிரிக்கே உரிய திமில் மகசீர் இன்று அற்றுப்போகும் விளிம்பில் நிற்கிறது. அறிவியல் அதற்குப் பெயர் உறுதிசெய்ததே 2018-இல்தான்.

பண்ணவாடியில் கோடையில் போய் நின்றால் மூழ்கிய ஊர்களின் கணக்கு கண்ணெதிரே தெரியும். நீர்மட்டம் நன்றாக இறங்கிய ஆண்டுகளில் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி தலை காட்டும். பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரமும் தெரியும். ஊர்க்காரர்கள் அளவுகோல் பார்ப்பதில்லை. நந்தியின் கழுத்தில் தண்ணீரா காலில் தண்ணீரா என்றுதான் கேட்பார்கள். நீர் வடிந்த சேற்றில் சோளமும் நிலக்கடலையும் போட்டு, அடுத்த தண்ணீர் வருவதற்குள் அறுத்துவிடப் பார்ப்பவர்களும் உண்டு. முன்னே வந்துவிட்டால் பயிர் அணைக்கு. அங்கிருந்து எழுந்து போனவர்களின் பெயர்ப்பட்டியல் யார் கைக்கும் எளிதில் கிடைக்காது. ஊர்ப் பெயர்களில்தான் தடயம்: மேட்டூரை ஒட்டிய புதுச்சாம்பள்ளியின் ‘புது’ எதற்கு என்று கேட்டால் பழையது தண்ணீருக்குள் என்பார்கள். கர்நாடகத்தில் கிருஷ்ணராஜ சாகர் எழுந்தபோது மூழ்கிய ஊர் கண்ணம்பாடி. அந்த அணையைத் தமிழ்நாட்டு உழவர்கள் இன்றும் கண்ணம்பாடி அணை என்றே சொல்கிறார்கள். அரசர் பெயர் பலகையில் இருக்கிறது, மூழ்கிய ஊரின் பெயர் வாயில் இருக்கிறது. உலக அணைகள் ஆணையம் 2000-இல் தந்த அறிக்கை, பெரிய அணைகளால் உலகெங்கும் இடம்பெயர்ந்தவர்கள் நான்கு கோடிக்கும் எட்டுக் கோடிக்கும் இடையே என்றது. இந்த இடைவெளியே சொல்கிறது, எண்ணவில்லை என்று.

ஆற்றின் மறுமுனையில் கடல். நன்னீர் கடலைத் தள்ளி நிறுத்துகிறது. மண் கரையைக் கட்டுகிறது. இரண்டும் குறைந்தால் உப்பு உள்ளே வரும். நாகை, வேதாரண்யம் பகுதியில் கடைமடை இயக்கு அணைகள் கட்டியிருப்பது நீரைத் தேக்க மட்டுமல்ல, கடல்நீர் ஏறாமல் தடுக்கவும்தான். பிச்சாவரத்தின் அலையாத்திக் காடுகளும் நன்னீர் வரத்துக் குறைந்து உப்புக் கூடியதால் இளைத்தவை. கரையரிப்புக்கு அணையை மட்டும் குற்றம் சொல்வது சரியாகாது. தரங்கம்பாடியில் மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் தின்னத் தொடங்கியது மேட்டூருக்கு வெகுகாலம் முன்பே. ஆனால் அரித்த கரையை ஆறு மீண்டும் மூடும் வாய்ப்பு முன்பு இருந்தது.

மாநிலங்களுக்கு இடையேயான வழக்கு எல்லோரும் அறிந்தது. 1924 ஒப்பந்தம், 1990-இல் நடுவர் மன்றம், 2007-இல் இறுதித் தீர்ப்பு, 2018-இல் உச்ச நீதிமன்றம். மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் கர்நாடகம் அளந்து தர வேண்டியது ஆண்டுக்கு 177.25 டிஎம்சி. இவ்வளவு நீண்ட வழக்கில் கடலுக்குப் போகும் தண்ணீரை ‘வீண்’ என்று சொல்லாத தரப்பைக் காண்பது அரிது. பாசனத் துறைக்குள்ளும் அந்தச் சொல்தான் புழக்கம். வேலை கற்றுக்கொடுத்தவர்கள் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள். உல்லத்துக்கும் அலையாத்திக்கும் மீனவர் வலைக்கும் போன நீரை வீண் என்று எழுதியது தவறு.

இப்போது மேகேதாட்டு. 67 டிஎம்சி கொள்ளளவில் கர்நாடகம் கட்ட விரும்பும் அணை, காவிரி வன உயிரின சரணாலயத்தை உள்ளிட்டு ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் காட்டை மூழ்கடிக்கும். தமிழ்நாட்டின் எதிர்ப்பு பெரிதும் தன் பங்குத் தண்ணீரைப் பற்றியது. கர்நாடகத்தின் வாதம் பெங்களூரின் குடிநீரையும் மின்சாரத்தையும் பற்றியது. காட்டுக்காகவும் மகசீருக்காகவும் பேசும் குரல் இரண்டு பக்கமும் மெலிந்தே கேட்கிறது.

மேட்டூரின் தினப் பதிவேட்டில் நான்கு விவரங்கள் முக்கியம்: நீர்மட்டம், இருப்பு, வரத்து, வெளியேற்றம். காலை எட்டு மணிக்குப் பார்த்து எழுதிவிட்டால் அன்றைய ஆறு முடிந்தது. உள்ளே எவ்வளவு மண் படிந்தது என்பதற்கும், கொள்ளிடத்தின் முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்கு எவ்வளவு நீர் போயிற்று என்பதற்கும் அதே பக்கத்தில் இரண்டு கட்டங்கள் சேர்க்க வேண்டும். கோடு போட ஓர் அடிக்கோலும் பேனாவும் போதும்.